ராசாளி, அரசாங்கம், என் பதினொரு கோழிகள்

சட்டைக் காலரைக் கல்லில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி தாண்டியிருக்கும். மூன்று நாள் மூட்டத்துக்குப் பிறகு அன்றுதான் வெயில் எட்டிப் பார்த்திருந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த அத்தனை கம்பளியும் வெளியே வந்து வேலி நெடுகக் காய்ந்துகொண்டிருந்தன.

திடீரென்று கோழிகள் வாயை மூடிக்கொண்டன.

பதினொரு கோழிகளும் ஒரே நேரத்தில் வாயை மூடுவதென்றால் பாராளுமன்றம் அமைதியான மாதிரி. ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். நான் தலையைத் தூக்குவதற்குள் ஈரப் போர்வையை உதறியது போல ஒரு சத்தம். கைக்கு எட்டும் தூரத்தில் என் செவலைப் பெட்டை தரையை விட்டு எழும்பிப் போனது. கோழி அவ்வளவு நேர்த்தியாகப் பறந்து நான் பார்த்ததேயில்லை. ஒரு நொடி, அது தானாகத்தான் பறக்கிறது என்றே நினைத்தேன். பிறகுதான் அதற்கு மேலே இருந்தவரைக் கண்டேன்.

கையில் இருந்த சட்டையை வீசினேன். அது என் வீட்டுக்காரர் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகும் ஒரே வெள்ளைச் சட்டை. அது போய்ச் சேற்றில் விழுந்தது. பறவை போய் வீட்டுக்குப் பின்னால் நின்ற டர்பன்டைன் மரத்தின் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தது. நிதானமாக இறகு பிய்க்க ஆரம்பித்தது. செவலை இறகுகள் ஒவ்வொன்றாகச் சுழன்று வந்து என் கம்பளிகளின் மேல் விழுந்தன.

இருபத்தாறு வருடம் குழந்தைகளுக்கு நடுவில் வேலை செய்ததால் வாயில் வராமல் அடக்கி வைத்திருந்த வார்த்தைகள் அனைத்தையும் அன்றைக்கு ஒன்றாக இறக்கினேன். பறவை பிய்ப்பதை நிறுத்தியது. தலையில் நின்ற குடுமியைச் சிலிர்த்துக்கொண்டு என்னைக் குனிந்து பார்த்தது.

அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. மூன்று தலைமுறையாக எங்களை வாசலில் நிறுத்தி வைத்துத் தோட்டத்துத் துரைமார் பார்த்த பார்வை. யார் நீ, என்ன வேண்டும், ஆபீசில் சொல்லிவிட்டு வந்தாயா என்று கேட்கிற பார்வை.

ஆடு உள்ளே, அப்பா வெளியே

பிள்ளைக் காம்பராவில் நான் வேலை பார்த்த கதையை இந்தப் பத்திரிகையில் போன வாரங்களில் சொல்லி முடித்துவிட்டேன். தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிற நேரத்தில் அவர்கள் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டுப் பார்த்துக்கொள்கிற வேலை. ஓய்வு பெற்றபோது, ஆட்டுவதற்குத் தொட்டில் இல்லாமல் என் கை இரண்டும் கிடந்து தவித்தன. அப்படித்தான் கோழி வளர்க்கத் தொடங்கினேன்.

கோழிதானே என்று சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். என் அப்பா காலத்தில் காலுள்ள எதை வளர்க்கவும் தோட்டத்து ஆபீசில் கேட்க வேண்டும். அப்பா ஒரு ஆடு வைத்திருந்தார். அது ஒருநாள் தேயிலைக்குள் புகுந்துவிட்டது. தேயிலையை அது தின்னக்கூட இல்லை, முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்ததாகத்தான் சாட்சி. ஆனாலும் ஆபீசில் பிடித்துக் கட்டிவிட்டார்கள். ஆட்டை விடச் சொல்லி அப்பா மூன்று நாள் அங்கே நின்றார். ஆடு உள்ளே நிழலில் படுத்திருந்தது, அப்பா வெளியே மழையில் நின்றார். இதில் யாரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று வழியில் போகிறவர்களுக்குக் குழப்பம்.

ஆகவே, யாரிடமும் கேட்காமல் நான் வாங்கி, யாரிடமும் சொல்லாமல் அடைத்து, நானே பெயர் வைத்த இந்தப் பதினொரு கோழிகளும் எனக்கு வெறும் கோழிகள் இல்லை. எங்கள் பரம்பரையில் முதல் சொந்தச் சொத்து. அதில் ஒன்றை ஆகாயத்திலிருந்து வந்து ஒருவர் கொண்டு போகிறார் என்றால் விடுவேனா?

இரண்டு பாஷைக்கும் ஒரே பெயர்

மூன்றாவது கோழியும் போன பிறகு காட்டு விலங்கு, பறவைகளைப் பார்த்துக்கொள்ளும் டவுன் வனஜீவி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு இளவயது அதிகாரி இருந்தார். சிங்களவர், மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிட்டேன். பக்கத்துக் கினிகத்தேனைதான் சொந்த ஊர், கடைத்தெருவில் விளையாடி வளர்ந்ததால் தமிழ் கொஞ்சம் பேசுவார். எனக்கும் சந்தைச் சிங்களம் தெரியும். இரண்டு பேரும் மற்றவர் பாஷையைச் சிதைத்துக்கொண்டே பேசினோம்.

"எப்படி இருக்கும் அந்தப் பறவை?" என்று கேட்டார்.

கையை விரித்துக் காட்டினேன். குடுமியைக் காட்டினேன். காலில் வெள்ளைக் காற்சட்டை போட்டது போல நகம் வரைக்கும் இறகு இருந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. என் துக்கத்தைக் கேட்டு ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாளே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். பைனாகுலரைக் கண்ணில் வைத்தவர் அரைமணி நேரம் அதை இறக்கவேயில்லை.

"அம்மா, இது ராஜாலியா! மலை ராஜாலியா. ரொம்பக் குறைவு. மேலே கூடு இருக்கு. முட்டை இருக்கும். அம்மாவுக்கு லக்!"

நாங்கள் ராசாளி என்கிறோம், அவர்கள் ராஜாலியா என்கிறார்கள். இந்த நாட்டில் இரண்டு பாஷைக்காரரும் ஒரே பெயரில் ஒத்துப்போன ஆள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

"லக் இருக்கட்டும் மாத்தயா. என் கோழி?"

"கல்லு அடிக்க வேணாம். புகை போட வேணாம். மரம் தொட வேணாம். இது பாதுகாக்கப்பட்ட பறவை. சட்டம் இருக்கு."

"கோழிக்குச் சட்டம் இல்லீங்களா?"

அவர் உண்மையிலேயே யோசித்தார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. பிறகு மிகவும் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"கோழி நிறைய இருக்குதானே அம்மா."

பக்கத்து வீட்டு ஞானம் வேலிக்கு அந்தப்புறம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஞானப்பிரகாசம் என்பது முழுப் பெயர். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலையில் கெட்டிக்காரர், வாயில் அதைவிடக் கெட்டிக்காரர்.

"அப்ப நம்மளும் கொறஞ்சு போனாத்தான் அக்கா சட்டம் வரும்" என்றார்.

மரத்துக்கு வந்த கம்பி

அந்த டர்பன்டைன் மரத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. ஐந்து வருடமாக அதை வெட்டித் தரும்படி எழுதிக்கொண்டிருந்தோம். ஆபீசில் கொடுத்தால் மரம் தோட்டத்துக்குச் சொந்தமில்லை என்றார்கள். கிராம சேவகரிடம் கொடுத்தால் மரம் தோட்டத்துக்குச் சொந்தம் என்றார். மரத்துக்குச் சொந்தக்காரர் இல்லை, ஆனால் அது விழுந்தால் அதன் கீழே சாகப்போகிறவர்கள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. காற்றுக் காலத்தில் நானும் என் வீட்டுக்காரர் சுப்பையாவும் முன்னறையில் பாயைப் போட்டுப் படுப்போம். மரம் விழுந்தால் முதலில் சமையலறைதான் போகும் என்பது அவர் கணக்கு.

கூடு கண்டுபிடித்து இரண்டு வாரம் ஆகவில்லை. ஒரு லொறி வந்து நின்றது. தலைக்கவசம் போட்ட ஐந்தாறு பேர் இறங்கி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தட்டிப் பார்த்தார்கள், அளந்தார்கள், படம் எடுத்தார்கள்.

என் வீட்டுக்காரர் உள்ளே ஓடி வந்தார். "பாக்கியம், நம்ம கடுதாசி கெடைச்சிருச்சு போல! வெட்ட வந்துட்டாங்க!"

வெட்ட வரவில்லை. மரம் சாய்ந்திருப்பதால் கூட்டுக்கு ஆபத்து என்று வனஜீவி மாத்தயா அறிக்கை எழுதியிருக்கிறார். ஆகவே மரம் விழாமல் இருக்க மேலே பாறையில் ஆணி அடித்து, விரல் மொத்தத்தில் இரும்புக் கம்பி போட்டு இழுத்துக் கட்டினார்கள். ஒரே நாளில் வேலை முடிந்தது. போகும்போது அவர்களில் மூத்தவர் என்னிடம் சொன்னார்: "இனிப் பயப்பட வேண்டாம் அம்மா. கூட்டுக்கு ஒன்றும் ஆகாது."

அன்றிலிருந்து நாங்கள் சமையலறைப் பக்கம் படுக்கிறோம். நன்றி சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பறவைக்குத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அது அன்றைக்கும் ஒரு கோழியைக் கொண்டு போயிருந்ததால் நான் சொல்லவில்லை.

மாசியில் தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. ஒலிபெருக்கியை மரத்தின் பக்கம் கட்டக் கூடாது, வெடி கொளுத்தக் கூடாது என்று மாத்தயா வந்து கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். கோயில் கமிட்டி கூடி விவாதித்தது. கடைசியில் ஒலிபெருக்கியைக் கீழ் லயத்துப் பக்கம் திருப்பி வைத்தார்கள். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக நான் திருவிழாவன்று நிம்மதியாகத் தூங்கினேன். கீழ் லயத்துக்காரர்கள் எங்களோடு ஒரு மாதம் பேசவில்லை.

விருந்தாளிகள்

விஷயம் எப்படித்தான் வெளியே போனதோ, பங்குனியில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இறம்பொடைக்கு நீர்வீழ்ச்சி பார்க்கப் போகிறவர்கள் வழியை மாற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் பீரங்கி மாதிரி ஒரு கேமரா.

முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். எங்கள் தோட்டத்துத் தேயிலையா என்று ஒரு அம்மா கேட்டார். இல்லை, கடையில் வாங்கிய தூள் என்றேன். எங்கள் தோட்டத்துத் தேயிலை உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது என்று சொன்னதும் சிரித்தார். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

அதே அம்மா கோழிக் கூண்டைப் பார்த்துவிட்டு, "இயற்கை தன்னோட பங்கை எடுத்துக்கும், இல்லையா?" என்றார்.

"எடுத்துக்கட்டுங்க. ஒரு தடவை ஒங்க வீட்டுலயும் எடுத்துக்கட்டும்" என்றேன்.

அதற்கும் சிரித்தார். என்னைப் படம் எடுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் குஞ்சு பொரித்துவிட்டது. தினமும் விடிந்தால் மெல்லிய விசில் போல ஒரு கத்தல். என்னை அறியாமலே நான் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுக்கப் பழகிவிட்டேன். ஒருநாள் காலை பலத்த மழையில் சத்தம் கேட்கவில்லை. இரண்டு தடவை வெளியே போய்க் குடையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

"கோழிக் கள்ளன் பிள்ளைக்கு என்னாச்சுன்னு ஒனக்கென்ன?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சும்மா, மழை எவ்வளவுன்னு பாத்தேன்" என்றேன்.

ஞானத்தின் ரெயின்கோட்டு

கேமராவோடு வந்த விருந்தாளிகளில் ஒருவர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தார். கொழும்புக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். பறவை கிளையில் உட்கார்ந்திருக்கிற படம் எல்லாரிடமும் இருக்கிறது, அது பாய்ந்து இறங்கி இரை பிடிக்கிற படம்தான் தனக்கு வேண்டும் என்றார். அதற்காக ஒரு கோழியை மரத்தடியில் கட்டி வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார்.

"ஆன்ட்டி, எப்படியும் அது எடுக்கத்தானே போகுது?"

"அது எடுக்குறது வேறங்க. நான் குடுக்குறது வேற."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் வேலிக்கு அந்தப்புறம் ஞானம் இருந்தார். அந்த மனிதரிடம் ஒரு ரெயின்கோட்டு இருந்தது. பச்சை நிறம். உடம்பு முழுக்கப் பாக்கெட்டு. எங்கள் மலையில் விடாமல் பெய்யும் மழையில் அதன் மேல் ஒரு சொட்டு ஒட்டவில்லை. உரச் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு கவ்வாத்து வெட்டப் போகிற ஒரு மனிதன் அதை எப்படிப் பார்த்திருப்பான் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், ஞானத்தின் வீட்டுப் பின்பக்கம் பெரிய அலறல் கேட்டது. கோழி அலறல் இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன்.

முளையில் நைலோன் கயிற்றால் கட்டியிருந்த சேவல் செத்துக் கிடந்தது. கயிறு ராசாளியின் காலில் சுற்றி இறுகியிருந்தது. தாய்ப் பறவை. ஒரு சிறகை விரித்துத் தரையை அடித்து அடித்துச் சேறாக்கிக்கொண்டிருந்தது. எழும்பும், கயிறு இழுக்கும், முகம் அடிபட விழும். மறுபடி எழும்பும். மேலே குஞ்சு விடாமல் விசிலடித்தது. ஞானம் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். பச்சைக் கோட்டு அவர் உடம்பில் இருந்தது. கொழும்புக்காரர் மண்டி போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"கயித்த அறுங்கடா!" என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை.

சுவரில் ஞானத்தின் பெண்சாதியின் படங்கு தொங்கியது. கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற தடித்த சாக்குத் துணி. அதை எடுத்துக்கொண்டு போய் அப்படியே பறவையின் மேல் போட்டு, நானும் அதன் மேல் விழுந்தேன்.

ஜுரம் கண்ட பிள்ளை திமிறும்போது எப்படிப் பிடிக்க வேண்டும் என்பது என் கைக்குத் தெரியும். இறுக்கக் கூடாது, விடவும் கூடாது. சிறகுகளை உடம்போடு சேர்த்து அணைத்தேன். அவ்வளவு பெரிய பறவை, கனமே இல்லை. துணிக்குள் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. ஈரச் சாக்கு வாசமும் பழைய ரத்த வாசமும் சேர்ந்து வந்தன. அப்போது அதன் நகம் என் முன்னங்கையில் இறங்கியது.

அதற்குள் என் வீட்டுக்காரர் கத்தியோடு ஓடி வந்துவிட்டார். "கையை இழுக்காத பாக்கியம், இழுத்தா சதையோட வந்துரும்!" என்று சொல்லிக்கொண்டே கயிற்றை ஒவ்வொரு சுற்றாக அறுத்தார்.

"ஆன்ட்டி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. லைட் நல்லா இருக்கு" என்றார் கொழும்புக்காரர்.

அவருக்கு நான் சொன்ன பதிலை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

கயிறு விட்டதும் நகமும் விட்டது. படங்கை எடுத்தேன். பறவை ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தது. பிறகு தாழப் பறந்து, சுற்றி, மரத்துக்குப் போய்விட்டது. கொழும்புக்காரரின் ஜீப் அதற்கு முன்னமே போயிருந்தது.

வாக்குமூலம்

டவுன் ஆஸ்பத்திரியில் கையில் தையலும் இடுப்பில் ஊசியும் போட்டார்கள். என்ன கடித்தது என்று கேட்டார்கள். கடிக்கவில்லை, பிடித்தது என்றேன். அதற்கென்று படிவத்தில் இடம் இல்லாததால் நாய் என்று எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் வனஜீவி மாத்தயா வந்தார். கூடவே இரண்டு பொலிஸ்காரர்கள். மாத்தயா என் முகத்தைப் பார்க்காமல் கைபேசியை நீட்டினார். அதில் நான் இருந்தேன். படங்கோடு ராசாளியைக் கட்டிப் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு படத்தில் விழவில்லை. தோட்டத்துப் பெண்ணொருத்தி அரிய பறவையைப் பிடித்துவிட்டாள் என்று மேலே எழுதியிருந்ததாம். என்னைச் சிறையில் போட வேண்டும் என்று ஊரே கீழே எழுதியிருந்தது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், லைட் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

"பிடிக்கிறது குற்றம் அம்மா" என்றார் மாத்தயா மெதுவாக.

கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினேன். "நான் பிடிக்கலைங்க மாத்தயா. அதுதான் என்னையப் பிடிச்சிருக்கு."

பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் எழுதினார்கள். நான் பத்து வசனம் பேசினேன், எழுதியது இரண்டு பக்கம் வந்தது. எல்லாம் சிங்களத்தில்.

"கையெழுத்துப் போடுங்க."

"என்னங்க எழுதியிருக்கு?"

"நீங்க சொன்னதுதான்."

"நான் அவ்வளவு சொல்லலையே."

தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவை மேசையில் வைத்தேன். கையெழுத்து என்று சொல்லி எங்கள் ஆட்களிடம் வாங்கியதெல்லாம் பிறகு என்னவாக மாறி வந்தது என்று பார்த்தே வளர்ந்தவள் நான். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவரவே ஒரு மணி நேரம் ஆனது. அவர் வாசித்தார். "மேற்படி பறவையைப் பிடிக்கும் எண்ணத்துடன் கோழியைக் கட்டி வைத்தேன்" என்று ஒரு வரி வந்தது.

"அது என் வாயிலேருந்து வரலைங்க" என்றேன்.

"அப்ப கோழியைக் கட்டினது யாரு?"

நான் சொல்லவில்லை. ஞானத்தின் மேல் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் பெண்சாதியின் படங்கு அந்த வீட்டுச் சுவரில் தொங்கியது என் கண்ணுக்குள் நின்றது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சன்னல் வழியாக, சொல்லு, சொல்லித் தொலை என்று கண்ணாலேயே கெஞ்சினார். நான் வேறு பக்கம் பார்த்தேன். என்னைக் கூண்டுக்குள் போட்டால் என் கோழிகளை யார் அடைப்பார்கள் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு உருவம் வந்து நின்றது. ஞானம். தலை முதல் கால் வரை நனைந்து தண்ணீர் சொட்டியது. ரெயின்கோட்டைக் கடைப் பையில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். மழையிலும் அதைப் போடாமல் ஐந்து மைல் நடந்து வந்திருக்கிறார்.

மேசையில் பையை வைத்தார். "கோழி என்னுதுங்க. கயிறு என்னுது. புத்தி மட்டும் அந்தக் கொழும்பு மாத்தயாவோடது. இது அவரு குடுத்தது. அக்கா அவுத்துத்தான் விட்டுச்சு."

கான்ஸ்டபிள் கோட்டின் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் துழாவினார். ஒரு கண்ணாடி துடைக்கிற துணி வந்தது, டொபி உறை வந்தது. ஒன்பதாவது பாக்கெட்டில் கொழும்புக்காரரின் பெயரும் தொலைபேசி நம்பரும் அச்சடித்த அட்டைகள் ஒரு கட்டே இருந்தன.

வனஜீவி மாத்தயா அப்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். வாக்குமூலத்தை வாங்கி, அந்த ஒரு வரியைக் காட்டி வெட்டச் சொன்னார். ஞானத்தைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் திட்டினார். பிறகு சாட்சி என்று எழுதி அனுப்பிவிட்டார்.

கொழும்புக்காரருக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரிய இடத்திலிருந்து ஒரு தொலைபேசி வந்ததாகக் கேள்வி. என்னை வைத்து எடுத்த படத்துக்கு ஏதோ பரிசு கிடைத்ததாகவும் கேள்வி. கோட்டு மட்டும் பொலிஸ் நிலையத்தில் சாட்சிப் பொருளாக இருக்கிறது. மழை நாளில் அது ஆணியில் தொங்குவதில்லை என்றும் சொல்கிறார்கள்.

திரும்பி வரும் வழியில் ஞானத்திடம் கேட்டேன். "ஏன் ஞானம் வந்தே? யாரும் ஒன் பேரச் சொல்லலையே."

"அதப் போட்டா வேர்க்குது அக்கா" என்றார்.

ஆறாம் நம்பர் மலை

சித்திரை முடிந்து வெயில் கொஞ்சம் நிலைத்திருந்த ஒரு காலை. குஞ்சு வளர்ந்து இளம்பறவையாகி, நாள் முழுக்கக் கிளையில் நின்று சிறகடித்துப் பழகிக்கொண்டிருந்தது. அன்றைக்கு என்ன தோன்றியதோ, குதித்தேவிட்டது. பறந்தது என்று சொல்ல மனம் வரவில்லை. எங்கள் கூரைக்கு மேலே சரிந்து, வேலியைத் தாண்டி, கீழே ஆறாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் ஒரு தேயிலைச் செடியின் மேல் குப்புற விழுந்தது.

"அசையாதீங்கடி!" என்று ஒரு குரல் கேட்டது. சரோஜா. என் பிள்ளைக் காம்பராவில் வளர்ந்தவள், அப்போதே தொட்டிலில் கிடந்துகொண்டு மற்றப் பிள்ளைகளை அதட்டுவாள்.

இருபது பெண்களும் நின்ற இடத்தில் நின்றார்கள். கூடையை இறக்கினார்கள். பிறகு உட்கார்ந்தார்கள்.

மேல் ரோட்டிலிருந்து வேலையை மேற்பார்வை செய்துகொண்டு நின்ற கண்டாக்கையா கத்தினார். "யாரு வேலைய நிப்பாட்டச் சொன்னது?"

"இங்கன ராசாளிக் குஞ்சு விழுந்து கெடக்குதுங்க ஐயா" என்றாள் சரோஜா. "பாதுகாக்கப்பட்டதாம். சட்டம் இருக்குதாம். நாங்க அசைஞ்சா குத்தங்க. நீங்க கிட்ட வந்தாலும் குத்தங்க."

கண்டாக்கையா ஒரு காலை முன்னே வைத்து, பின்னே எடுத்தார். என்னைப் பொலிஸ் கொண்டு போனது தோட்டம் முழுக்கத் தெரிந்த கதை. அவர் ஆபீசுக்குப் பேசினார். ஆபீசில் வனஜீவிக்குப் பேசினார்கள். தான் வரும் வரை ஒருவரும் அந்த இடத்தில் அசையக் கூடாது என்று மாத்தயா சொல்லிவிட்டார்.

நான் கேத்தலில் தேத்தண்ணி ஊற்றி எடுத்துக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். இளம்பறவை டர்பன்டைன் மரத்தில் தன் பழைய கிளையில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. எப்போது பறந்து போனதோ தெரியவில்லை.

"ஏ சரோஜா, அது போயிருச்சே" என்றேன், குரலைத் தாழ்த்தி.

"போனா என்னக்கா" என்றாள் அவள், குவளையை நீட்டிக்கொண்டே. "ஐயாவுக்குத் தெரியாதே."

பட்டப்பகலில், வேலை நேரத்தில், தேயிலைக்கு நடுவில் இருபது பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள். ஒருத்தி அட்டை கடித்த இடத்துக்குச் சுண்ணாம்பு தடவினாள். இன்னொருத்தி பாறையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சரோஜா மட்டும் அவ்வப்போது ஒரு வெறும் செடியைக் காட்டி, "ஸ்ஸ்" என்று எல்லாரையும் அடக்கினாள். மேல் ரோட்டில் கண்டாக்கையா வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மாத்தயா இறங்கி, கண்டாக்கையாவுக்குப் பக்கத்தில் நின்று, பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். முதலில் செடியைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார், பார்வை அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பைனாகுலரை மெதுவாகக் கீழே இறக்கி எங்களை, ஒவ்வொருவராக, கேத்தலோடு நின்ற என்னையும் சேர்த்துப் பார்த்தார்.

"இருக்குதா?" என்று கேட்டார் கண்டாக்கையா.

"இருக்கு" என்றார் மாத்தயா. "இன்னும் அரைமணி நேரம் ஒருத்தரும் அசைய வேணாம்."